திடலுக்கு அழைத்து வாருங்கள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில், சிறப்புக் கல்வி ஆசிரியையும் தன்னார்வப் பயிற்றுநருமான ஒருவர் ஆற்றிய உரை, வாசகர்களுக்காக இங்கே எழுத்து வடிவில் இடம்பெறுகிறது.)



சிறப்புக் குழந்தைகளின் கல்வி, மருத்துவம், வேலை வாய்ப்பு என்று இந்த அரங்கத்தில் பலரும் பேசிவிட்டார்கள். என் பங்குக்கு வந்திருப்பது விளையாட்டு. அறிவுத்திறன் குறைபாடு உள்ள பிள்ளைகளும் இளைஞர்களும் மற்றவர்களோடு ஒரே அணியில் சேர்ந்து ஆடும் திட்டங்களைப் பற்றிப் பேசும்படி கேட்டுக் கொண்டார்கள். பேச நிறைய இருக்கிறது. ஆனாலும் முதலில் ஒரு கேள்வியைத் தீர்த்துவிடுவது நல்லது. நம் பெற்றோர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தாலே முதலில் வருவது அந்தக் கேள்விதான். "டீச்சர், எழுத்தே வராத பிள்ளைக்கு விளையாட்டு எதற்கு?"

கேட்கிறவர்கள் பிள்ளைமேல் பாசம் இல்லாதவர்கள் அல்லர். நம் வீடுகளில் விளையாட்டு என்பது படித்து முடித்த பிள்ளைக்குக் கொடுக்கும் சலுகை. வீட்டுப்பாடம் முடிந்தால் திடலுக்குப் போகலாம். பரீட்சை வந்துவிட்டால் பந்து அலமாரிக்கு மேலே போய்விடும். இந்தக் கணக்கை அப்படியே சிறப்புப் பிள்ளைக்கும் போட்டால், பாடம் முடிவதும் இல்லை, பந்து கீழே இறங்குவதும் இல்லை.

உண்மையில் இந்தப் பிள்ளைகளுக்குக் கணக்கு தலைகீழ். வரிசையில் நிற்பது, தன் முறை வரும்வரை காத்திருப்பது, இடம் வலம் அறிவது, பெயர் சொன்னதும் திரும்பிப் பார்ப்பது, ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணுவது. வகுப்பறையில் நாற்காலியில் உட்கார வைத்து இவற்றைச் சொல்லிக் கொடுக்க மாதக்கணக்கில் ஆகிறது. திடலில் ஆறு கூம்புகளை வரிசையாக வைத்து, பந்தைக் கையில் கொடுத்துவிட்டால் பல பிள்ளைகள் சில வாரங்களில் பிடித்துக் கொள்கிறார்கள். காரணம் எளிது. வகுப்பில் எண் என்பது பலகையில் உள்ள ஒரு கோடு. திடலில் எண் என்பது நான் இன்னும் எத்தனை பந்து எறியலாம் என்பது.

பள்ளி முடிந்த மறுநாள்

பள்ளியில் இருக்கும்வரை எப்படியோ காலம் ஓடிவிடுகிறது. ஒருங்கிணைந்த சிறப்புக் கல்வி வகுப்பு இருக்கிறது, ஆசிரியர் இருக்கிறார், காலையில் வேன் வருகிறது. பதினெட்டு, பத்தொன்பது வயதில் பள்ளி முடிந்துவிடும். அதற்குப் பிறகு?

ஒரு தாய் என்னிடம் சொன்னதை மறக்க முடியவில்லை. பள்ளி முடிந்த பின்பும் அவருடைய மகன் தினமும் காலையில் சீருடையைப் போட்டுக்கொண்டு வாசலில் போய் நிற்பானாம். வேன் வராது. "மூன்று மாதம் அப்படி நின்றான் டீச்சர். அப்புறம் நிற்பதை விட்டுவிட்டான். நின்றபோதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. விட்டுவிட்ட அன்றைக்குத்தான் வலித்தது," என்றார்.

பிறகு என்ன நடக்கும் என்பது இங்கே பல வீடுகளுக்குத் தெரியும். தொலைக்காட்சி, பிஸ்கட், மத்தியானத் தூக்கம். எடை ஏறும். தாய்க்கு அறுபது வயதாகும்போது மகனுக்கு முப்பது. தாய்க்கு முழங்கால் வலி, மகனைத் தூக்கிவிட முடியவில்லை. இரவில் படுத்தால் ஒரே யோசனை: எனக்குப் பிறகு இவனை யார் பார்த்துக்கொள்வார்கள்?

விளையாட்டு இந்தக் கேள்விக்கு முழு விடை ஆகாது. ஆனால் அதற்கு முன்பே நிற்கும் இன்னொரு கேள்வி இருக்கிறது. இவனை யாருக்குத் தெரியும்? பெற்றோரையும் உடன்பிறந்தவர்களையும் தவிர்த்து, அவன் பெயர், அவனுக்குப் பிடித்தது, எதற்குப் பயப்படுவான், எப்படிச் சொன்னால் கேட்பான் என்று தெரிந்தவர்கள் எத்தனை பேர்? பல வீடுகளில் ஒருவர்கூட இல்லை. சனிக்கிழமைதோறும் ஒரு திடலுக்கு வரும் இளைஞனைக் குறைந்தது பதினைந்து, இருபது பேருக்குத் தெரிந்திருக்கும். இரண்டு வாரம் வராவிட்டால் யாராவது தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்பார்கள். நான் விளையாட்டைப் பற்றி இவ்வளவு பிடிவாதமாகப் பேசுவதற்கு முதல் காரணம் பதக்கம் அன்று, இதுதான்.

இரண்டு பாதைகள்

பத்திரிகையில் பாராலிம்பிக் செய்தியைப் படித்துவிட்டு, "என் மகனும் அதில் சேரலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. இங்கே இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒன்றை இன்னொன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பாராலிம்பிக் என்பது உச்சநிலைப் போட்டி. உடற்குறை, பார்வைக்குறை உள்ளவர்களுக்கு அதில் பல பிரிவுகள். அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கு ஓட்டம், தாண்டுதல், எறிதல் அடங்கிய தடகளம், நீச்சல், மேசைப்பந்து ஆகியவற்றில் சில போட்டிகள் மட்டுமே. உலகத் தரத்தில் உள்ளவர்கள்தான் போக முடியும். நம் நாட்டுக்கு இதில் பெருமை உண்டு. 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் மலேசியா தன் முதல் தங்கங்களைப் பெற்றது, மொத்தம் மூன்று. அவற்றில் இரண்டு அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான பிரிவில் கிடைத்தவை. பெர்லிஸைச் சேர்ந்த அப்துல் லத்திப் ரொம்லி 7.60 மீட்டர் நீளம் தாண்டினார். முகமட் சியாட் சொல்கெப்ளி குண்டு எறிதலில் வென்றார். லத்திப் 2021இல் நடந்த தோக்கியோ போட்டியிலும் தங்கம் வென்றார்.

சியாட்டுக்குத் தோக்கியோவில் நடந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். 31 ஆகஸ்ட் 2021, நம் சுதந்திர தினம். 17.94 மீட்டர் தூரம் எறிந்தும், போட்டிக்கு முன் கூட வேண்டிய அழைப்பறைக்கு நேரத்தோடு வரவில்லை என்று பதக்கம் இல்லாமல் போனது. அன்று நம்மவர்களில் சிலர் தங்கம் பெற்ற உக்ரேன் வீரரைச் சமூக ஊடகங்களில் திட்டித் தீர்த்தார்கள். அது வெட்கக்கேடு. விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்று உலகம் அந்த வீரரை நடத்தியது. விளையாட்டில் அதைவிடப் பெரிய மரியாதை வேறு என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பாதையில் ஒரு கறையும் உண்டு. 2000ஆம் ஆண்டு சிட்னி பாராலிம்பிக்கில் அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான கூடைப்பந்தில் ஸ்பெயின் அணி தங்கம் வென்றது. பிறகு பார்த்தால் பன்னிரண்டு பேரில் பத்துப் பேருக்கு எந்தக் குறைபாடும் இல்லை. தண்டனை யாருக்கு விழுந்தது தெரியுமா? உண்மையிலேயே குறைபாடு உள்ள, உலகம் முழுவதிலும் பயிற்சி செய்துகொண்டிருந்த பிள்ளைகளுக்கு. அந்தப் பிரிவையே நிறுத்திவிட்டார்கள். மீண்டும் அவர்கள் பாராலிம்பிக் மைதானத்தில் கால் வைத்தது 2012இல், லண்டனில்.

இன்னொரு பாதை ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ். பெயர் ஒலிம்பிக்ஸ் என்று முடிந்தாலும் இது நான்காண்டுக்கு ஒரு முறை மட்டும் நடக்கும் விழா அன்று. வாரந்தோறும் பயிற்சி, வட்டாரப் போட்டி, மாநிலப் போட்டி என்று ஆண்டு முழுவதும் நடக்கும் இயக்கம். தொடங்கியவர் அமெரிக்க அதிபராக இருந்த ஜான் கென்னடியின் தங்கை யூனிஸ் கென்னடி ஷ்ரைவர். அவர்களுடைய சகோதரி ரோஸ்மேரிக்கு அறிவுத்திறன் குறைபாடு இருந்தது. 1941இல், அவருக்கு 23 வயதானபோது, குணமாகும் என்று நம்பி மூளையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். அதன் பிறகு அவரால் சரியாகப் பேசவோ நடக்கவோ முடியவில்லை. பணம், செல்வாக்கு எல்லாம் இருந்த குடும்பத்திலேயே நிலைமை அப்படி. அந்த அக்காளின் தங்கைதான் 1962இல் தன் வீட்டுத் தோட்டத்திலேயே இத்தகைய பிள்ளைகளுக்கு ஒரு கோடைக்கால முகாம் நடத்தினார். 1968 ஜூலை 20ஆம் நாள் சிக்காகோ நகரின் சோல்ஜர் ஃபீல்டு அரங்கில் முதல் அனைத்துலகப் போட்டி. வந்தவர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர். பார்வையாளர் இருக்கைகளோ பெரும்பாலும் காலி. 2023 ஜூன் மாதம் பெர்லினில் நடந்த உலகப் போட்டியில் ஏறக்குறைய ஏழாயிரம் விளையாட்டாளர்கள் கலந்துகொண்டார்கள்.

இதில் எட்டு வயது முதல் போட்டியில் இறங்கலாம். இரண்டு வயது முதல் ஏழு வயது வரை உள்ள மழலைகளுக்குத் தனித் திட்டம் இருக்கிறது. சக்கர நாற்காலியில் இருக்கும், கடுமையான குறைபாடு உள்ளவர்களுக்கும் அசைவுப் பயிற்சித் திட்டம் உண்டு. பயிற்சிக்கோ போட்டிக்கோ குடும்பத்திடம் கட்டணம் வாங்கக்கூடாது என்பது அந்த இயக்கத்தின் உலக விதி.

எல்லாரும் முதல் பரிசு வாங்கிவிடுவார்களா?

"அங்கே எல்லாருக்கும் பதக்கம் கொடுப்பார்களாமே, அது என்ன போட்டி?" என்று ஒருவர் கேலியாகக் கேட்டார். இதை விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

முதலில் எல்லாரையும் ஓடவிட்டு நேரம் குறிப்பார்கள். பிறகு வயது, ஆண் பெண், திறமை ஆகிய மூன்றையும் பார்த்து மூன்று முதல் எட்டுப் பேர் வரை கொண்ட சிறு பிரிவுகளாகப் பிரிப்பார்கள். ஒரு பிரிவில் மிக வேகமானவருக்கும் மிக மெதுவானவருக்கும் உள்ள இடைவெளி குறைவாக இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். நூறு மீட்டரை பதினான்கு விநாடியில் ஓடுகிறவனும் முப்பது விநாடியில் ஓடுகிறவனும் ஒரே கோட்டில் நிற்க மாட்டார்கள். அதனால் ஒவ்வொரு பிரிவிலும் உண்மையான போட்டி இருக்கும். முதல் மூவருக்குப் பதக்கம், மற்றவர்களுக்கு ரிப்பன்.

யாராவது பிரிவு பிரிக்கும்போது வேண்டுமென்றே மெதுவாக ஓடி, இறுதியில் வேகமாக ஓடி ஜெயிக்கலாம் அல்லவா? அதற்கும் விதி வைத்திருக்கிறார்கள். முதல் ஓட்டத்தைவிட இறுதி ஓட்டத்தில் குறிப்பிட்ட சதவீதத்துக்கு மேல் முன்னேற்றம் காட்டினால் தகுதி இழக்க நேரும். இந்த விதியால் சிக்குகிறவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள் அல்லர். ஆசைப்பட்ட பயிற்றுநர்களும் பெற்றோர்களுமே.

இந்த இடத்தில் ஒரு கதையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மேடைப் பேச்சாளர்கள் பலர் கண்ணீர் மல்கச் சொல்லும் கதை. ஓட்டப் பந்தயத்தில் ஒரு பிள்ளை விழுந்துவிட்டதாம். ஓடிக்கொண்டிருந்த ஒன்பது பேரும் நின்று, திரும்பி வந்து, அதைத் தூக்கி, கைகோத்து ஒன்றாகக் கோட்டைக் கடந்தார்களாம். இது கைத்தொலைபேசிகளிலும் ஆண்டுக்கு நான்கு முறை சுற்றி வருகிறது. இதன் வேர் 1976இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்போக்கேன் நகரில் நடந்த ஒரு பந்தயம். விழுந்தது உண்மை. திரும்பி வந்தவர்கள் ஒருவரோ இருவரோதான். மற்றவர்கள் ஓட்டத்தைத் தொடர்ந்தார்கள்.

எனக்கு அந்த மற்றவர்களைத்தான் மிகவும் பிடிக்கும். ஏன் தெரியுமா? அவர்கள் மாதக்கணக்கில் பயிற்சி செய்தவர்கள். ஜெயிக்க வேண்டும் என்று வந்தவர்கள். நம் பிள்ளைகளைத் தேவதைகளாக்கிக் கும்பிடுவதும் ஒருவகையில் அவர்களை ஒதுக்கி வைப்பதுதான். என் திடலில் தோற்றால் காலணியைக் கழற்றி வீசுகிறவன் இருக்கிறான். எதிரணிக்காரன் கோடு தாண்டிவிட்டான் என்று நடுவரிடம் வாதாடுகிற பெண் இருக்கிறாள். நாம் காற்பந்து பார்க்கும்போது என்ன செய்கிறோமோ அதையே அவர்களும் செய்கிறார்கள்.

சேர்ந்து ஆடுவது

இப்போது தலைப்புக்கு வருகிறேன். ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் இயக்கம் 1980களின் இறுதியில் இன்னொரு முறையையும் கொண்டுவந்தது. குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே அணியில் ஆடுவது. குறைபாடு உள்ளவரை விளையாட்டாளர் என்றும், இல்லாதவரைப் பங்காளி என்றும் சொல்வார்கள். நம் பேச்சு வழக்கில் பங்காளி என்றால் சொத்துச் சண்டைதான் ஞாபகத்துக்கு வரும் என்பதால் நான் கூட்டாளி என்று சொல்கிறேன்.

எண்ணிக்கையில் கண்டிப்பு உண்டு. ஐவர் காற்பந்தில் திடலில் மூன்று விளையாட்டாளர்கள், இரண்டு கூட்டாளிகள். எழுவர் ஆட்டத்தில் நான்குக்கு மூன்று. பதினொருவர் ஆட்டத்தில் ஆறுக்கு ஐந்து. பூப்பந்து இரட்டையரில் ஆளுக்கு ஒருவர். அணியில் எப்போதும் விளையாட்டாளர்கள் குறையக்கூடாது என்பதே நோக்கம். கூட்டாளியே பந்தைக் கொண்டுபோய் கோல் போட்டுக்கொண்டிருந்தால் அது ஆதிக்கம் என்று நடுவர் எச்சரிப்பார். மறுபக்கம், கூட்டாளி பந்தைத் தொடாமல் ஓரமாக நின்று கைதட்டிக்கொண்டிருந்தாலும் தவறுதான். அவரும் வியர்க்க வேண்டும். அதனால்தான் வயதிலும் திறமையிலும் ஏறக்குறைய ஒத்தவர்களைத் தேடிச் சேர்க்கிறார்கள்.

இந்த நடுநிலையைப் பிடிப்பது மிகவும் சிரமம். எங்கள் திடலுக்கு ஓர் இடைநிலைப் பள்ளி மாணவன் வந்தான். பள்ளி அணியில் ஆடுகிறவன், நல்ல வேகம். முதல் வாரம் எல்லாப் பந்தையும் அவனே எடுத்தான். கண்டித்தோம். இரண்டாம் வாரம் பந்தைத் தன் காலுக்கு வந்த வேகத்திலேயே மற்றவர்களுக்குத் தள்ளிவிட்டு, தர்மம் செய்தவன் மாதிரி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றான். எங்கள் அணியில் ஒரு பையன், அதிகம் பேச மாட்டான். நேராக அவனிடம் போய், "நீயும் ஓடு," என்றான். அவ்வளவுதான். அந்த ஒரு சொல் ஆசிரியர் நடத்தும் ஒரு தவணைப் பாடத்துக்குச் சமம். இன்று அந்த இரண்டு பேருக்கும் இடையே ஒரு சைகை இருக்கிறது. ஒருவன் காதைத் தொட்டால் மற்றவன் இடப்பக்கம் ஓடுவான். எங்களுக்கே அது முதலில் தெரியாது.

தீபாவளிக்கு முன் வாரத்தில் எங்கள் பிள்ளைகளுக்கு அன்பளிப்புக் கூடைகள் மலைபோல் குவியும். கொடுக்கிறவர்களுக்கு நன்றி. படம் எடுத்துக்கொள்வார்கள், பத்திரிகையிலும் வரும். ஆனால் எங்களுக்குப் பஞ்சம் முறுக்குக்கு இல்லை, ஆளுக்குத்தான். பிப்ரவரி மாதத்தில் ஒரு சாதாரண சனிக்கிழமை, மழை வரும்போல் இருக்கிறது, படம் எடுக்க யாரும் இல்லை. அன்று காலை எட்டு மணிக்கு ஆட ஒருவர் குறைவார். இயக்கங்கள், இளைஞர் மன்றங்கள், பல்கலைக்கழக மாணவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், வருகிற இருபது பேர் ஒரே நாளில் வரவேண்டாம். இரண்டு பேர் போதும், ஆண்டு முழுவதும் வாருங்கள்.

பெற்றோர்களின் பயங்கள்

பயப்படுவதில் தவறில்லை. சில பயங்கள் நியாயமானவை.

டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப்பேர் பிறவியிலேயே இதயக் குறையோடு பிறக்கிறார்கள். சிலருக்குக் கழுத்தின் மேல் எலும்புகள் இரண்டின் பிடிப்பு தளர்வாக இருக்கும். அப்படிப்பட்டவர்கள் குட்டிக்கரணம் போடுவது, தலைகீழாக நீரில் பாய்வது, வண்ணத்துப்பூச்சி நீச்சல், பந்தைத் தலையால் முட்டுவது ஆகியவற்றைச் செய்யக்கூடாது. ஆகவே மருத்துவரிடம் இதயத்தையும் கழுத்தையும் பரிசோதித்து, படிவத்தில் எழுதி வாங்கிய பிறகே சேர வேண்டும். சேர்ந்த பின்பும், நடை திடீரென மாறினாலோ, கையில் பலம் குறைந்தாலோ, கழுத்து வலித்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடுத்த சனிக்கிழமை வரை காத்திருக்கக் கூடாது. வலிப்பு வரும் பிள்ளை நீந்தினால் அவனை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க ஒருவர் கரையில் வேண்டும்.

நம் ஊர் வெயில் இன்னொன்று. தாகமாக இருக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். ஓடிக்கொண்டே இருந்து, திடீரென உட்கார்ந்து அழுவார்கள். அதனால் கேட்டுக் கொடுப்பதில்லை, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை விசில் ஊதினால் எல்லாரும் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் தயங்கித் தயங்கி என்னைத் தனியே அழைத்துக் கேட்பது வேறொன்று. உடை மாற்றும் இடத்தில் யார் இருப்பார்கள்? கழிவறைக்கு யார் அழைத்துப் போவார்கள்? ஆண் பிள்ளைகளுக்கும் இதே ஆபத்து உண்டு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். தயங்க வேண்டாம். எந்தத் திட்டத்தில் சேர்வதாக இருந்தாலும் முதல் நாளே சத்தமாகக் கேளுங்கள். ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் மட்டும் மூடிய இடத்தில் இருக்கக்கூடாது. தொண்டூழியர்கள் யார், அவர்களுக்கு இதில் பயிற்சி உண்டா என்பதைச் சொல்ல அமைப்பாளர்கள் கடமைப்பட்டவர்கள். கேட்டதற்கு முகம் சுளிக்கும் இடம் உங்கள் பிள்ளைக்கு ஏற்ற இடம் அன்று.

"பார்க்கிறவர்கள் சிரிப்பார்களே" என்ற பயத்துக்கு என்னிடம் மருந்து இல்லை. முதலில் சிலர் பார்ப்பார்கள். திடலின் ஓரத்தில் மெதுநடை போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். நான்காவது வாரம் அவர்களே பந்தை எடுத்து உள்ளே போடுவார்கள். சாமிக்கு நேர்ந்துகொண்டு பிள்ளை சரியாகிவிடும் என்று தைப்பூசத்தில் பால்குடம் எடுக்கும் தாய்மார்களை நான் அறிவேன். அந்த வேண்டுதலைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் லட்சக்கணக்கான பேர் கூடும் பத்துமலைக்குப் பிள்ளையை அழைத்துப் போகிறவர்களுக்கு, தாமான் திடலுக்கு அழைத்து வர என்ன வெட்கம்?

உடல்நலத்தில் ஒரு லாபமும் உண்டு. 1997 முதல் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் போட்டிகளில் கண், பல், காது, கால் ஆகியவற்றை இலவசமாகப் பரிசோதிக்கும் திட்டத்தை நடத்துகிறார்கள். தேவை இருப்பதால்தான் அதைத் தொடங்கினார்கள். எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவருடைய பல்லை யார் பார்க்கிறார்கள்? "சொன்ன பேச்சைக் கேட்கவே மாட்டான், ஒரே அடம்," என்று பெயர் வாங்கிய இளைஞன் ஒருவனுக்குக் காது பார்த்தார்கள். இரண்டு காதும் அழுக்கு அடைத்து இறுகிப் போயிருந்தது. அதை எடுத்த பிறகு அடம் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி அவன் அப்பாவிடமிருந்து வந்தது, அதற்கு மருத்துவரிடம் வழி இல்லை.

எப்படிச் சேருவது?

சமூகநல இலாகாவில் பதிந்து மாற்றுத்திறனாளி அட்டையை, அதாவது ஓ.கே.யூ. அட்டையை எடுத்து வையுங்கள். மருத்துவர் உறுதிப்படுத்தும் படிவத்தோடு மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். டவுன் சின்ட்ரோம், ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு எல்லாம் அங்கே கற்றல் குறைபாடு என்ற வகையில் வரும். இன்னும் பல இந்தியக் குடும்பங்கள் அட்டை எடுத்தால் பிள்ளைக்கு முத்திரை விழுந்துவிடும் என்று ஒளித்து வைக்கின்றன. 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்குபெறும் உரிமையை உங்கள் பிள்ளைக்குத் தருகிறது. அந்த உரிமையைக் கேட்க அட்டை கைகொடுக்கும்.

பள்ளிப் பிள்ளையாக இருந்தால் சிறப்புக் கல்வி ஆசிரியரிடம் கேளுங்கள். பள்ளி முடிந்திருந்தால் அருகில் உள்ள பி.டி.கே. மையத்தை நாடலாம். 1984இல் திரங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கிய சமூக மறுவாழ்வுத் திட்டம் இன்று நாடு முழுவதும் இருக்கிறது. ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் மலேசியாவையும் நேரடியாக அணுகலாம். உங்கள் ஊரில் எதுவுமே இல்லையென்றால் நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு திடலில் தொடங்குங்கள். ஒரு பந்து, எட்டுக் கூம்பு, ஒரு விசில். அமைப்பை அதற்குப் பிறகு அழைக்கலாம்.

முதல் நாள் பிள்ளை ஆடாது. இதை எல்லாப் பெற்றோருக்கும் எழுதிக் கொடுத்துவிடுவேன். ஒரு பெண் ஐந்து வாரம் வெள்ளைக் கோட்டைத் தாண்டாமல் வெளியிலேயே நின்றாள். யாரும் இழுக்கவில்லை. ஆறாவது வாரம் பந்து வெளியே வந்தது, அதைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்காக உள்ளே போனாள். பிறகு வெளியே வரவில்லை. இன்னொரு பையன் நன்றாக ஓடுவான், முடிவுக் கோட்டுக்கு இரண்டடி முன்னால் நின்றுவிடுவான். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. வீட்டில் சாலை ஓரத்தில் கோடு வந்தால் நிற்க வேண்டும் என்று அம்மா பழக்கியிருந்தார். அது நல்ல பழக்கம், கெடுக்கக் கூடாது. முடிவுக் கோட்டுக்குப் பத்தடி தள்ளி அம்மாவை நிறுத்தினோம். அம்மாவிடம் ஓடினான்.

போட்டிக்கு முன் குறைந்தது எட்டு வாரப் பயிற்சி வேண்டும். சொல்லும்போது ஒரு முறைக்கு ஒன்றைச் சொல்லுங்கள். செய்து காட்டினால் இன்னும் நல்லது. வாரந்தோறும் அதே நேரம், அதே வரிசை. பெற்றோர்கள் ஓரத்தில் அமர்ந்திருக்கலாம், ஆனால் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கத்தக் கூடாது. அவன் பந்தைப் பார்ப்பானா, உங்களைப் பார்ப்பானா?

நிகழ்ச்சிக்கு முன் ஒரு பாட்டி தொலைபேசியில் கேட்டதாக இங்கே ஒரு துண்டுச் சீட்டு கொடுத்திருக்கிறார்கள். பேரனுக்கு முப்பத்து நான்கு வயது, உடம்பு கனம், ஓட முடியாது, இனிமேல் சேர்ப்பார்களா என்று கேட்கிறார். சேர்ப்பார்கள் பாட்டி. மேல் வயது வரம்பு கிடையாது. போச்சே என்று ஓர் ஆட்டம் இருக்கிறது, பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். சிறிய வெள்ளைப் பந்தை முதலில் உருட்டிவிட்டு, மற்றப் பந்துகளை அதன் அருகே போய் நிற்கும்படி உருட்டுவது. ஓட வேண்டியதில்லை. நால்வர் அணியில் இரண்டு பேர் விளையாட்டாளர்கள், இரண்டு பேர் கூட்டாளிகள். மருத்துவரிடம் முதலில் இரத்த அழுத்தமும் இதயமும் பார்த்துவிடுங்கள். காலணி, தொப்பி, ஒரு போத்தல் தண்ணீர் கொடுத்து அனுப்புங்கள். முடிந்தால் நீங்களும் வாருங்கள், பாட்டி. கூட்டாளிக்கும் மேல் வயது வரம்பு இல்லை.